துண்டுத் தாள் பெட்டி

புளியங்கொட்டைப் பசை மழைக்காலத்தில் காயாது. கொட்டையை வறுத்து, ஊறவைத்து, தோல் உரித்து, அம்மியில் அரைத்து, பூச்சி வராமலிருக்க ஒரு துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால், நல்ல வெயிலில் அரை நாளில் கல்லாகப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசியில் மலைமேல் இருக்கும் காவலூரில் அந்த வெயில் கிடையாது. ஒட்டிய அட்டை மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும்; விரலால் தொட்டால் நகர்ந்துவிடும். மற்ற வருஷங்களில் ராணியம்மாள் அக்கா இதற்காக மழையைத் திட்டுவாள். அந்த வருஷம் திட்டவில்லை. விடிந்ததும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பாள். மேகம் இருந்தால் முகம் தெளிந்துவிடும்.

நாங்கள் போளூர்க்காரர்கள். என் அப்பா மேலே டெலஸ்கோப் ஆபீசில் ஜீப் ஓட்டினார். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தவறிவிட்டு வீட்டில் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த லட்சுமணன் சார், என்னையும் வந்து உட்காரச் சொன்னார். தினமும் நடந்ததை எழுதிப் பழகு என்று சொன்னதும் அவர்தான். முதலில் மழை உண்டா இல்லையா என்று எழுதுவேன். பிறகு சாப்பாடு. பிறகு யார் என்ன பேசினார்கள் என்பது. எது முக்கியம் என்று பிரிக்க எனக்குத் தெரியாததால் எல்லாவற்றையும் எழுதினேன். இதையும் அந்த வரிசையில்தான் எழுத வருகிறது.

அக்கா வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சாமைக்கொல்லை ஓரத்தில்தான் அவள் வீடு. பகலில் கொல்லை வேலை. மீதி நேரத்தில் காகிதப் பூமாலை. வாணியம்பாடியிலிருந்து இக்பால் பாய் வாரம் ஒருமுறை பஸ்ஸில் கலர் பேப்பர் கட்டோடு வந்து இறங்குவார். பெண்கள் வெட்டிக் கட்டிக்கொடுக்கும் மாலைகள் கீழே நிக்காஹ் பந்தலுக்கும் சந்தனக்கூட்டுக்கும் போகும்; சில சமயம் அம்மன் தேருக்கும் போகும். தாளை எட்டாக மடித்து, ஒரே சுற்றில் இதழ் இதழாக வெட்டி விரிக்கவேண்டும். மூலைகளில் விழும் துண்டு வெட்டியவளுக்கு. எல்லார் மடியிலும் குப்பையாய் விழும். அக்காவின் மடியில் விழாது.

"ராணியம்மா வெட்னா தாளு முழுசா பூவாயிடும்மா. துண்டே வுழாது. மத்தவங்கல்லாம் எனக்கு பேப்பர மேயவுட்றாங்க," என்பார் பாய்.

"ஒங்க பேப்பர மேயறது எங்க ஆடுதான் பாய்," என்பாள் அக்கா.

அது உண்மையும்கூட. விழுகிற கொஞ்சம் துண்டையும் அவள் மகள் செந்தாமரை பொறுக்கி ஒரு கோணிப்பையில் சேர்த்து வைத்திருந்தாள். தாமரைக்கு ஏழு வயது. துண்டுகளைத் தரையில் பரப்பி, சிவப்பு ஒரு வீடு, மஞ்சள் ஒரு வீடு என்று ஊர் கட்டுவாள். ஒருநாள் ஆடு பைக்குள் தலையை விட்டு ரோஸ் வீடு முழுவதையும் தின்றுவிட்டது. தாமரை அன்று களியைத் தொடவில்லை. அப்போதுதான் அக்கா, அறை அறையாய் வைத்து ஆடு திறக்கமுடியாத மூடி போட்டு ஒரு பெட்டி செய்து தருவதாகச் சொன்னாள்.

அட்டைக்கு அக்காவின் புருஷன் காசி வழி செய்தான். அவன் டெலஸ்கோப் ஆபீஸ் தோட்டத்தில் வேலை செய்தான். நட்சத்திரத்தைப் படமெடுக்கும் கண்ணாடித் தகடுகள் வந்த காலிப் பெட்டிகள் அங்கே கிடக்கும். கறுப்பாக, கெட்டியாக, வெளிச்சம் புகாத அட்டை. கேட்டு வாங்கி வந்து கொடுத்தான். அக்கா அவற்றைப் பிரித்து, அடுக்கி, நடுவே தடுப்பு நிறுத்தி ஒட்டினாள். சிவப்புத் துண்டுக்கான அறையின் முகப்பில் சிவப்புத் தாள், பச்சைக்குப் பச்சைத் தாள். எழுதப் படிக்க வராவிட்டாலும் எது எங்கே என்று தெரியும். ஓரமெல்லாம் ஜிகினா. இந்த ஜிகினா யோசனை தாமரையுடையது.

காசி தாமரையின் அப்பா இல்லை. அதை நான் முன்னாலேயே சொல்லியிருக்கவேண்டும்.

அக்கா முதலில் வாழ்க்கைப்பட்டது ரங்கனுக்கு. அவன் ஊர் ஜமுனாமரத்தூரும் தாண்டி, படவேட்டுப் பக்கம் இறங்குகிற சரிவில் இருந்தது. அடித்தான், குடித்தான் என்றெல்லாம் ஒன்றுமில்லை; ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். ஊர் கூடி, பரிசத்தைத் திருப்பிக்கொடுத்து, அவள் காசியோடு வந்துவிட்டாள். அதை ஒளிக்காமல் அவள் சொன்னபோது கீழிருந்து வந்த நான் யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். ஆனால் பிள்ளை அப்பனுக்கு என்று ஊர் சொல்லியிருந்தது. அப்போது தாமரை பால்குடி. முதல் பல் விழும்வரை தாயிடம் இருக்கட்டும், விழுந்ததும் அப்பன் வீட்டுக்கு. அதன்பின் தாய் அந்த வாசலை மிதிக்கக்கூடாது; பிள்ளையும் இங்கே திரும்பாது. அக்காவும் சரி என்று தலையாட்டியிருக்கிறாள். பால்குடிக்குப் பல் விழுவதெல்லாம் அன்றைக்கு எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும்.

பல் புரட்டாசிக் கடைசியில் விழுந்தது. அக்கா அதை நீலத் துண்டில் சுற்றிக் கூரைக்குள் செருகிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்றாள். தாமரையும் சொல்லவில்லை. கிணற்றடியில் ஓட்டை வழியாகத் தண்ணீரைப் பீச்சி எல்லாருக்கும் காட்டினாள்.

ரங்கன் ஐப்பசி முதல் மழையில் வந்தான். தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் ஒரு பாட்டில் தேனோடு. கூடவே எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தை நடத்தும் ஊர்க்கவுண்டர் பஞ்சாட்சரம். வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குப் பொரி வாங்கிக்கொண்டு வருகிறவன் என்பதால் தாமரைக்கு ரங்கனைத் தெரியும். நான் மாலைக்கு நூல் கோத்துக்கொண்டு உள்ளே இருந்தேன். போய்விடலாமா என்று யோசிப்பதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது.

"பல்லு வுழுந்துச்சாமே," என்றான் ரங்கன்.

"யாரு சொன்னா?" என்றாள் அக்கா.

தாமரை ஓடிவந்து வாயைத் திறந்து காட்டினாள். கவுண்டர் குனிந்து பார்த்துவிட்டு, தானே வைத்த பல் போலத் தலையை ஆட்டினார். அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ரங்கன் மகளைத் தொடத் தயங்கி, கோணியிலிருந்து சொட்டிய தண்ணீரைக் கையால் துடைத்தான்.

"என்னோட வர்றியாம்மா?"

"அங்க இன்னா கீது நைனா?"

"கன்னுக்குட்டி கீது. மரத்துல தேன்கூடு கீது."

தாமரை யோசித்தாள். சுவரோரம் பாதி ஒட்டிய பெட்டியைக் காட்டி, "பொட்டி முடியட்டும். முடிஞ்சதும் வர்றேன்," என்றாள்.

கவுண்டர் சிரித்துவிட்டார். பொட்டியாவது சட்டியாவது, கையைப் பிடித்துக் கூட்டிப்போப்பா என்றார். ரங்கன் பெட்டியை ஒருமுறை பார்த்தான்.

"கொழந்த ஒரு வார்த்த சொல்லிடுச்சி. முடியட்டும். நான் சந்தைக்கு சந்தை வந்து பாக்கறேன்."

தேன் பாட்டிலைப் படியில் வைத்துவிட்டு மழையிலேயே போனான்.

அன்று வகுப்பில் அக்கா சிலேட்டைத் தொடவில்லை. ராத்திரி வேலைக்கு இடைஞ்சலாக வெளிச்சம் போகக்கூடாதென்று டெலஸ்கோப்பைப் பார்த்த ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு பொட்டிக்கு எத்தினி அறை வெக்கலாம் கண்ணு?"

"எத்தனை கலரோ அத்தனைக்கா."

"ஒலகத்துல மொத்தம் எத்தினி கலரு கீது?"

 சாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பெட்டி வளரத் தொடங்கியது. ரோஸுக்கு ஒரு அறை இருந்தது. இளம் ரோஸுக்குத் தனி, அடர் ரோஸுக்குத் தனி என்று ஆனது. மஞ்சளிலிருந்து எலுமிச்சை பிரிந்தது. ஒட்டிய தடுப்பு சாய்ந்திருக்கிறது என்று பெயர்த்து மறுபடி ஒட்டினாள். பசையைத் தண்ணீராய்க் காய்ச்சினாள். காசி மேலும் மேலும் அட்டை கொண்டுவந்தான். எதற்கென்று ஒருநாளும் கேட்கவில்லை. அவன் தாமரையைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவான். பஞ்சாயத்தில் நீயும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கக்கூடாதா என்று நான் கேட்டபோது, "நான் கேட்டா அது தப்பா பூடும் பாப்பா. பெத்தவன் நான் இல்லியே," என்றான். பிறகு சட்டியிலிருந்த பசையைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தான்.

ரங்கன் சொன்னபடி வந்தான். ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பான். அழுத்தினால் நகரும். "காயல," என்பான். அக்கா சாமைச்சோறும் கொள்ளுச்சாறும் போடுவாள். சாப்பிட்டுவிட்டுப் போவான். அவனுக்குப் புரிந்திருந்ததா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். புரிந்துதான் சோறு தின்றான் என்று ஒருநாள் தோன்றும். இன்னொரு நாள் அப்படித் தோன்றாது.

பக்கத்துக் கொல்லை மங்கம்மாளுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "இன்னாடி ராணி, பொட்டி செய்றியா, கோட்ட கட்றியா? இந்நேரம் மரத்த வெட்டி தேரே செஞ்சிருப்பாங்க," என்பாள்.

"மழ வுடட்டும் அத்த," என்பாள் அக்கா.

தாமரைக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அப்பன் வீட்டுக்குப் போகிறோம் என்பது தெரியும்; திருவிழாவுக்குப் போவதுபோல என்று நினைத்திருந்தாள். போனால் எப்போது திரும்பி வருவது என்று அவள் கேட்டபோது நான் அங்கேதான் இருந்தேன். அக்கா தலையை நிமிர்த்தி வெளியே பார்த்தாள். வாசலில் சினையாடு கட்டியிருந்தது.

"ஆடு குட்டி போடறதுக்குள்ள வந்துடுவ," என்றாள்.

பிள்ளை வெளியே போனதும், உள்ளதைச் சொல்லிவிடலாமே அக்கா என்றேன். சொல்லவேண்டுமா கூடாதா என்று எனக்கே நிச்சயமில்லை.

"சொன்னா இப்பவே மனசால போய்டுவா கண்ணு. இருக்கிற வரிக்கும் முழுசா இருக்கட்டும்."

கார்த்திகை பிறந்து மழை விட்டது. சாமைக்கதிர் பழுத்துத் தலை சாய்ந்தது. ஊரே அறுப்புக்கு இறங்கியது. இனிமேல் மழையைச் சொல்லமுடியாது; அறுப்பு முடியட்டும் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள் அக்கா என்னிடம். அதற்குள் ஆட்டின் மடி பெருத்துவிட்டது. மங்கம்மாள் போகிறபோக்கில் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, இது இன்னும் ரொம்ப நாள் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆட்டுக்குத் தழை வைத்துக்கொண்டிருந்த தாமரை அதைக் கேட்டாள்.

மறுநாள் நல்ல வெயில். அக்காவும் காசியும் கொல்லையில். நான் அவர்களுக்குக் கூழ் எடுத்துப்போயிருந்தேன். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் பொழுது சாய வீடு திரும்பினோம். அக்காவின் தலையில் கதிர்க்கட்டு.

வாசல் பாறையில் பெட்டி இருந்தது.

மீதமிருந்த தடுப்புகள் எல்லாம் நின்றிருந்தன. இரண்டு கோணல். மூடிக்குத் துணிப்பட்டி வைத்து ஒட்டி, திறந்து மூடும்படி செய்திருந்தாள். மூடியின்மேல் டீத்தூள் பொட்டலத்து வெள்ளித்தாளால் டெலஸ்கோப் கூண்டு. அதைச் சுற்றி மஞ்சள் துண்டுகளில் நட்சத்திரம். ஒரு மூலையில் வயிறு பெருத்த ஆடு. பசையை அவளே காய்ச்சியிருந்தாள். நாள் முழுக்க வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காய வைத்திருக்கிறாள். காசி விரலால் அழுத்திப் பார்த்தான். நகரவில்லை.

"முட்ச்சிட்டேம்மா," என்றாள் தாமரை. முகமெல்லாம் பசை. "நீ மெதுவா செய்ற. ஆடு குட்டி போட்டுடும். நான் சீக்கிரம் போய்ட்டு சீக்கிரம் வந்துடறேன்."

அக்கா கதிர்க்கட்டை இறக்கவே இல்லை. தலைச்சுமையோடு நின்று பெட்டியைப் பார்த்தாள். பிறகு, "மூடி நல்லா வந்துகீது," என்றாள்.

தாமரை பசையைக் கழுவக் கிணற்றுக்கு ஓடினாள். காசி கட்டை இறக்கிக்கொடுத்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னான்.

"தண்ணித் தொட்டில போட்டுடட்டுமா? கை தவறிடுச்சின்னு சொல்லிக்கலாம். மறுபடி மொதல்ல இருந்து செய்யி."

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்பொண்ணு செஞ்சதயா?"

அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை.

ரங்கன் அடுத்த சந்தையன்று வந்தான். அவன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தாமரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் காட்டினாள். அவன் பாதையிலேயே உட்கார்ந்து மூடியைத் திறந்தான், மூடினான். பழக்கத்தில் தடுப்பை அழுத்திப் பார்த்தான். காயவில்லை என்று சொல்ல வாயெடுத்தது போல எனக்குப் பட்டது. தாமரை பக்கத்தில் குனிந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காஞ்சிடுச்சி," என்றான்.

அக்கா மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னினாள். கேழ்வரகு அடை தட்டி வாழையிலையில் கட்டினாள். காசி அன்று வேலைக்குப் போனவன், பஸ் போகும்வரை வீட்டுக்கு வரவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றி அக்கா நீட்டியபோது தாமரை வாங்கிக்கொள்ளவில்லை.

"அது எதுக்கு? துண்டு இங்கதான வுழுது. அங்க ஏது துண்டு? நீ போட்டு வெய்யி, நான் வந்து பாக்கறேன்."

"சரி."

"கலர் கலக்காத. பச்சையும் நீலமும் வௌக்கு வெளிச்சத்துல ஒனக்கு ஒண்ணா தெரியும். வெளிய எடுத்தாந்து பாத்துட்டு போடு."

"பாத்துட்டு போடறேன்."

"ஆடு மின்னாடியே குட்டி போட்டா?"

அக்கா பதில் சொல்வதற்குள் பஸ்காரர் ஹாரன் அடித்தார். ரங்கன் மகளைத் தூக்கிப் படியில் வைத்தான். அவள் ஜன்னலுக்கு வந்து, ஓட்டைப் பல் தெரிய, கையை ஆட்டினாள். அழவில்லை. அழ அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

ஆடு கார்த்திகைக் கடைசியில் இரண்டு குட்டி போட்டது. இரண்டும் வெள்ளை. அக்கா அவற்றை விற்கவிடவில்லை. மாலை கட்டினாள், சாமை புடைத்தாள், வகுப்புக்கு வந்து தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள். துண்டுகளை அன்றன்று பெட்டியில் போட்டாள். அவள் வெட்டில் என்ன துண்டு விழும்? தை முடிந்தும் அறைகளின் அடித்தளம்கூட மறையவில்லை.

மாசியில் அப்பாவின் ஜீப்பில் ஜமுனாமரத்தூர் போயிருந்தேன். சந்தையில் புளி மூட்டைகளுக்கு நடுவில் ரங்கன் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டான். இளைத்திருந்தான். நான் கேட்குமுன்பே சொன்னான்.

"பல்லு மொளச்சிடுச்சி. கன்னுக்குட்டிய அவதான் பாத்துக்கறா. நல்லா துன்றா. பொழுது சாஞ்சாதான் அழுவறா."

ஆடு குட்டி போட்டதைச் சொன்னேன். அதை அவளிடம் சொல்லவா வேண்டாமா என்று என்னையே கேட்டான்.  ஒரு புளியம்பழத்தை எடுத்து ஓட்டை நொறுக்கிக்கொண்டே நின்றான்.

"மொத நாளு ராவுலயே கேட்டுடுச்சி, எப்ப வூட்டுக்கு போறதுன்னு. கொழந்தைக்கு இன்னா சொல்றது பாப்பா? பொட்டி துண்டால நெறஞ்சதும் இட்டுனு போறேன்னு சொல்லிட்டேன். தெனம் அதயே கேக்குது." நொறுக்கிய ஓட்டைக் கீழே போட்டான். "அது நெறையறதுக்கு எத்தினி நாளாவும்?"

அவன் அதைப் பயந்து கேட்டானா, ஆசைப்பட்டுக் கேட்டானா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிள்ளையின் அழுகையை நிறுத்துவதற்காக அவன் சொன்ன வார்த்தையை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று ஜீப்பில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். சின்னப் பிள்ளையிடம் கொடுத்த வார்த்தையை ஒருமுறை அவன் காப்பாற்றியிருக்கிறான் என்பதும் நினைவுக்கு வந்தது. முடிவு எதுவும் எட்டுவதற்குள் வீடு வந்துவிட்டது.

அக்கா வாசலில் உட்கார்ந்து மாலைக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். பாய் அன்றுதான் புதுக் கட்டு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான் ரங்கனைப் பார்த்ததைச் சொன்னதும் கத்தரிக்கோல் நின்றது.

"பல்லு?"

"முளைச்சிடுச்சாம்."

"நேரா மொளச்சிகீதா?"

அதை நான் கேட்டுவரவில்லை. கேட்டிருக்கவேண்டும். மற்றதையெல்லாம், அவன் சொன்ன வார்த்தையிலேயே, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அக்கா எழுந்தாள். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து திறந்து வைத்தாள். ஒவ்வொரு அறையாக விரலைவிட்டு ஆழம் பார்த்தாள். வெள்ளைக் குட்டி ஒன்று வந்து முகர்ந்தது, அதைத் தள்ளிவிட்டாள்.

பிறகு கட்டிலிருந்து ஒரு சிவப்புத் தாளை உருவினாள். மடிக்கவில்லை. முழுத் தாளையும் விரித்தபடியே மூலையிலிருந்து வெட்டினாள். கட்டைவிரல் அகலத்தில் துண்டு துண்டாக மடியில் விழுந்தது. தாள் தீர்ந்ததும் அள்ளிச் சிவப்பு அறையில் போட்டாள். அடுத்து மஞ்சள். பாய் வந்து கேட்டால் என்ன சொல்வாய் அக்கா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து தாள்களைப் பிரித்துக் கொடுத்தேன்.

பொழுது இறங்கியது. உள்ளே காசி விளக்கை ஏற்றினான். அக்கா விளக்கருகே போகாமல், மிச்சமிருந்த வெளிச்சத்துக்காக வாசலின் ஓரத்துக்கு நகர்ந்தாள். வெட்டிய துண்டு ஒன்றை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இது பச்சையா நீலமா, பாத்து சொல்லு கண்ணு."